எட்டு கோரும் நாலு கோரும்

சென்னை ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும், கம்பெனிகள் கழித்துப்போட்ட கணினிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்து விற்கிறார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, எச்பி 8300 என்று முகப்பில் போட்டிருக்கும். மூடியைக் கழற்றினால் அநேகமாக உள்ளே இருப்பது இன்டெல் கோர் ஐ5-3470. 2012 ஜூனில் வந்த பிராசசர். பல வருஷம் ஏதோ ஓர் ஆபீஸ் மேசைக்கடியில் கிடந்துவிட்டு, எட்டு ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் மாட்டிக்கொண்டு மறுபடி விலைக்கு வந்து நிற்கிறது. “டேலி ஓடும் சார், பையனுக்கு ஆன்லைன் கிளாஸ் ஓடும், யூடியூப் ஸ்மூத்தா போகும்” என்று கடைக்காரர் மூச்சு விடாமல் சொல்வார். சொல்வது பொய்யும் இல்லை.

அதே வருஷம் அக்டோபரில், கிட்டத்தட்ட அதே விலைக்கு வந்த ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350 இந்த அடுக்குகளில் கண்ணில் படாது. பெரிய கம்பெனிகள் ஊழியர் மேசைக்கு அதை வாங்கவே இல்லை. வாங்கியவர்கள் வேறு ஆட்கள்: கேம் விளையாடும் பையன்கள், பெட்டியைத் தானே பூட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள், எங்கள் அத்தான் மாதிரி கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள். ஐ5-3470 வந்தபோது விலை 184 டாலர். எஃப்எக்ஸ்-8350 வந்தபோது 195. இரண்டும் நடுத்தட்டு. இன்டெல்லில் இதற்கு மேலே ஐ7 இருந்தது. ஏஎம்டியில் அப்போதைக்கு 8350தான் உச்சி. தன் உச்சியை எதிராளியின் நடுப்படிக்கட்டு விலைக்கு விற்க வேண்டியிருந்தது என்பதிலேயே பாதிக் கதை அடங்கிவிட்டது.

எது நல்லது என்று அன்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு வரியில் பதில் வந்தது. எந்த ஊரில் வைக்கப்போகிறீர்கள், கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அத்தான் ஸ்டுடியோ திண்டுக்கல்லில். 2012 என்றால் எனக்கு முதலில் வருவது பேட்டரி ஆசிட் நெடிதான். சென்னைக்காரர்களுக்கு அந்த வருஷ மின்வெட்டு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். எங்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த மணி நேரம் போகும். சில நாள் கூட்டிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இருந்திருக்காது. கடைத்தெரு முழுக்க ஜெனரேட்டர் சத்தம். அத்தான் ஜெனரேட்டர் வைக்கவில்லை, கண்ணாடிக்கதவுக்குள்ளே சத்தம் வந்தால் வாய்ஸ் ஓவர் செய்ய முடியாது என்பது அவர் கணக்கு. இன்வெர்ட்டர், அதற்கு 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் இமைப்பொழுதில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால் நடுவில் ஒரு யூபிஎஸ். அந்த யூபிஎஸ்ஸின் ‘கீ... கீ...’ கேட்டால் எடிட்டிங் அறையில் எல்லோருக்கும் கை தானாக கன்ட்ரோல்-எஸ்ஸுக்குப் போகும்.

ஆனால் ரெண்டரை சேவ் பண்ண முடியாது. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவை டிவிடிக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது எண்பது சதவீதத்தில் மிஷின் அணைந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான். அதனால் மாப்பிள்ளை அழைப்பு தனி, முகூர்த்தம் தனி, ரிசப்ஷன் தனி என்று துண்டு துண்டாக ரெண்டர் போட்டோம். கலை நயத்துக்காக அப்படிப் பிரிக்கிறோம் என்றுதான் கஸ்டமர்கள் நினைத்தார்கள்.

அந்த அறைக்கு முதலில் வந்தது ஐ5-3470. நாலு கோர், 3.2 ஜிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 3.6 வரை தானே ஏறிக்கொள்ளும். அட்டைப்பெட்டியில் 77 வாட் என்று போட்டிருந்தது. 22 நானோமீட்டர் முறையில், டிரான்சிஸ்டரைத் தட்டையாகப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிமிர்த்தி, மூன்று பக்கமும் மின்வாயில் தழுவும்படி இன்டெல் முதன்முதலாகச் செய்து விற்ற தலைமுறை அது. அதற்கு முந்தைய தலைமுறையில் எங்களைப் போன்றவர்கள் வாங்கியது 95 வாட். இதெல்லாம் அத்தானுக்கு வேண்டாத விஷயம். கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது, தனி கார்டு வாங்க வேண்டாம் என்றதும்தான் அவர் முகம் மலர்ந்தது.

கடையில் கொட்டேஷன் எழுதிய பையனிடம் ஏஎம்டி எப்படி என்று கேட்டபோது, நிமிராமலே, “ஏஎம்டி சூடாகும்ணே” என்றான். அந்த வாக்கியத்தை நான் கல்லூரிக் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஒரு வேர் உண்டு. 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இதழ் ஒரு காணொளி வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஹீட் சிங்கைக் கழற்றி எடுப்பார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். ஏஎம்டி அத்லான் புகைவிட்டுச் செத்துப்போகும். ஓடும் கணினியில் ஹீட் சிங்கை யார் கழற்றுவார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அந்தப் புகை மெக்கானிக்குகள் வாய்வழியாக ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் 2004-இல் பென்டியம் 4-இன் பிரெஸ்காட் வந்து, 31 படிநிலை பைப்லைனை வைத்துக்கொண்டு சூட்டில் எல்லோரையும் தோற்கடித்தபோது, அந்தச் சொலவடையை யாரும் திருத்தி எழுதவில்லை. ஹாஸ்டலில் பக்கத்து அறை நண்பனிடம் இருந்த அத்லான் 64 அமைதியாக ஓடும். என் பென்டியம் 4 இரவில் ஊளையிடும். ஆனாலும் வீட்டில் அவனைத்தான் திட்டினார்கள், ‘போயும் போயும் ஏஎம்டி’ வாங்கிவிட்டான் என்று.

அந்தக் காலத்து ஏஎம்டி ஊருக்குச் சொன்ன உபதேசம் இது: ஜிகாஹெர்ட்ஸைப் பார்க்காதே, ஒரு துடிப்புக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்று பார். அதற்காகவே 3000+, 3200+ என்று கடிகார வேகத்தை மறைத்துப் பெயர் வைத்தார்கள். உபதேசம் சரிதான். எட்டு வருஷம் கழித்து அவர்களே அதை மறந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

எஃப்எக்ஸ் வரிசை 2011 அக்டோபரில் வந்தது. புல்டோசர் என்று பெயர். பைப்லைன் நீளம், கடிகாரம் வேகம், ஒரு துடிப்புக்கு வேலை குறைவு. அதாவது பென்டியம் 4 போன அதே ரோடு. வருவதற்கு முந்தின மாதமே, திரவ ஹீலியம் ஊற்றி 8.429 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிக் கின்னஸ் சாதனை செய்ததாக அறிவித்தார்கள். கடைக்கு வந்த பிறகு பார்த்தால், பல வேலைகளில் அவர்களுடைய பழைய ஆறு கோர் ஃபீனமே அதற்கு ஈடு கொடுத்தது. விண்டோஸ் 7-க்கு அந்த எட்டு கோர்களுக்கு வேலையை எப்படிப் பங்கிடுவது என்று தெரியவில்லை. 2012 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு திருத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. குறைகளைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்து ஓராண்டு கழித்து விட்டதுதான் 8350. எட்டு கோர், 4 ஜிகாஹெர்ட்ஸ், 125 வாட்.

தை மாசம் கல்யாணங்கள் குவிந்தன. இரண்டாவது எடிட்டிங் மிஷின் வேண்டும் என்றார் அத்தான். நான் இன்னொரு 3470-ஐயே சொன்னேன். அவர் விசாரித்து வைத்திருந்தார். “மாப்ள, எட்டு பெருசா, நாலு பெருசா?”

இதற்கு என்ன பதில் சொல்ல?

வாங்கப் போன அன்று நடந்த ஒரு காரியம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்டெல்லில் பின்கள் மதர்போர்டின் சாக்கெட்டில் இருக்கும், பிராசசரின் அடிப்பாகம் வெறும் தட்டை. அன்றைய ஏஎம்டியில் தலைகீழ், பிராசசரின் வயிற்றில் தொள்ளாயிரத்துக்கு மேல் தங்கநிறப் பின்கள். எங்களுடையதை உறையிலிருந்து எடுத்த கடைப்பையன், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு ‘ச்’ கொட்டினான். ஓர் ஓரத்தில் ஒரு பின் தலை சாய்ந்திருந்தது. வேறு பீஸ் கேட்கலாம் என்று அத்தான் வாயெடுப்பதற்குள், அவன் காதிடுக்கிலிருந்து மைக்ரோ டிப் பென்சிலை எடுத்து, லெட்டைத் தட்டி வெளியேற்றிவிட்டு, அந்தக் காலி மூக்கை சாய்ந்த பின்னின் மேல் மெல்லச் செருகி, துளியூண்டு நிமிர்த்தினான். மறுபடி சாய்த்துப் பார்த்தான். வரிசை வரிசையாக ஒளி ஒரே கோட்டில் ஓடியது. சாக்கெட்டில் வைத்தபோது எந்த அழுத்தமும் இல்லாமல் தன் எடையிலேயே ‘சொத்’தென்று உட்கார்ந்தது. நெம்புகோலை மடக்கி, பேஸ்ட் தடவி, ஹீட் சிங்கைப் பூட்டும்வரை அத்தான் மூச்சே விடவில்லை. அந்தப் பையனுக்கு அவர் வாங்கிக் கொடுத்த டீக்கு, பிராசசருக்குக் கேட்ட தள்ளுபடியைவிட மதிப்பு அதிகம்.

ஊருக்கு வந்து விண்டோஸ் ஏற்றி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எட்டுக் கட்டம். ஐ5-இல் நாலு. வந்த கஸ்டமரையெல்லாம் கூப்பிட்டு அத்தான் அந்த எட்டுக் கட்டத்தைக் காட்டினார். அது பச்சை பச்சையாகத் துடிப்பதைப் பார்த்து ஒருவர் ஆல்பத்துக்கு அட்வான்ஸே கொடுத்தார்.

எட்டில் இருந்த சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். எஃப்எக்ஸ்ஸுக்குள் எட்டு கோர் இரண்டிரண்டாக ஜோடி கட்டி நாலு மாட்யூலாக இருக்கும். ஒரு மாட்யூல் என்பது அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஒரே வீட்டில் இருப்பது: அறைகள் தனித்தனி, அடுப்படி ஒன்று. முழு எண் கணக்குப் போடும் பகுதி ஆளுக்கொன்று. கட்டளைகளை எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் பகுதி, தசமக் கணக்குப் போடும் பகுதி, 2 எம்பி எல்2 கேஷ் இவை மூன்றும் பொது. இரு வீட்டிலும் ஒரே நேரத்தில் விருந்து வைத்தால் அடுப்புக்குக் காத்திருக்க வேண்டும். எட்டு என்று சொன்னது முழுப்பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. 2015-இல் கலிபோர்னியாவில் இதைச் சொல்லி ஏஎம்டி மீது வழக்குப் போட்டார்கள். 2019-இல் 1.21 கோடி டாலர் கொடுத்து ஏஎம்டி சமாதானம் செய்துகொண்டது. கலிபோர்னியாவில் வாங்கியவர்களுக்கும் ஏஎம்டியின் சொந்த இணையதளத்தில் வாங்கியவர்களுக்கும்தான் பங்கு. திண்டுக்கல்லுக்கு ஒன்றும் வரவில்லை. செய்தியை அத்தானிடம் சொன்னபோது, “நாம அட்வான்ஸ் வாங்கிட்டோம்ல, விடு” என்றார்.

சரி, வேலைக்கு வருவோம். இரண்டு மிஷினும் ஒரே மேசையில், ஒரே சாஃப்ட்வேர், ஒரே பிளக் பாயின்ட். எது நல்லது?

கையால் செய்யும் வேலையெல்லாம் ஐ5-இல் சுகம். டைம்லைனில் இழுத்தால் உடனே வரும். டைட்டில் எழுத்தில் ஒரு நிழல் சேர்த்தால், நிறத்தைச் சற்று மாற்றினால், மறு நொடியில் பதில் தெரியும். அன்றைய எஃபெக்ட் பிளக்-இன்களில் பல ஒரே ஒரு கோரைத்தான் நம்பி எழுதப்பட்டவை. ஒற்றைக் கோர் ஓட்டத்தில் 3470 மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முன்னால் நிற்கும், அதுவும் குறைந்த ஜிகாஹெர்ட்ஸில். எஃப்எக்ஸ்ஸில் எட்டுக் கட்டத்தில் ஒன்று மட்டும் உச்சிக்குப் போய் நிற்கும், மற்ற ஏழும் சும்மா இருக்கும். நாம் மவுஸைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம்.

ரெண்டர் பட்டனை அழுத்தியதும் கதை மாறும். வேலையை எட்டாகப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த எச்.264 என்கோடிங்கில் எஃப்எக்ஸ் ஐ5-ஐத் தாண்டிப் போகும். நாங்கள் பார்த்த அளவில், ஐ5 ஐந்து மணி நேரம் எடுக்கிற வேலையை இது நாலேகால் மணி நேரத்தில் முடிக்கும். எட்டு கட்டமும் நிரம்பி வழியும். அத்தான் அப்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

ஆனால் அந்த நேரத்தில் பிளக் பாயின்டில் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஐ5 பெட்டி இழுப்பது நூறு வாட்டுக்குச் சற்று மேலே. எஃப்எக்ஸ் பெட்டி இருநூறைத் தொடும். அதற்குள்ளே கிராபிக்ஸ் இல்லாததால் தனியாக மாட்டிய கார்டின் பங்கும் அதில் உண்டு. யூனிட் கணக்குப் போட்டால் ஐ5 ஒரு கல்யாணத்தை அரை யூனிட் சொச்சத்தில் முடித்தது. எஃப்எக்ஸ்ஸுக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல். பணமாகப் பார்த்தால் ஒரு டீ காசு கூட இல்லை. இன்டெல் அபிமானிகள் இந்த மின்சாரக் கட்டணத்தைச் சொல்லிப் பெரிதாக வாதாடியது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும்.

பேட்டரியாகப் பார்த்தால் அது வேடிக்கை இல்லை. 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் ஏட்டளவில் 1800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் போகிற நஷ்டம், பேட்டரியின் வயசு, மேலே ஓடும் ஃபேன், டியூப் லைட் எல்லாம் போக, கையில் நிற்பது அதில் ஒரு சிறு பங்குதான். ஐ5 அதைக்கொண்டு அடுத்த முறை கரண்ட் வரும்வரை தாராளமாகத் தாங்கும். எஃப்எக்ஸ் பாதி ரெண்டரில் யூபிஎஸ்ஸைக் கத்த வைத்துவிடும். வேகமாக ஓடி முடிப்பது பெரிதா, கரண்ட் வரும்வரை அணையாமல் இருப்பது பெரிதா? கரண்ட் என்றைக்கும் இருக்கிற ஊரில், குளிரூட்டிய அறையில் சோதித்து எழுதிய ஒப்பீடுகள் எதிலும் இப்படி ஒரு பட்டைக் கோடு வரைந்திருக்கவில்லை. கடைசியில் நாங்களே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். பகலில் இரண்டிலும் எடிட்டிங். ராத்திரி கரண்ட் நிலையாக இருக்கும் வேளையில் மட்டும் எஃப்எக்ஸ்ஸில் ரெண்டர். வெட்டு அட்டவணை ஒட்டிய காகிதம் மானிட்டர் ஓரத்தில் எப்போதும் தொங்கியது.

சித்திரையில் இன்னொரு கணக்கு வந்து சேர்ந்தது. எஃப்எக்ஸ்-8350-க்கு ஏஎம்டி விதித்த வெப்ப உச்சவரம்பு 61 டிகிரி சொச்சம். வெளியே நாற்பது, அறைக்குள் முப்பத்தைந்துக்குக் குறையாது. கூடவே வந்த சின்ன ஃபேன் ரெண்டரின்போது போடுகிற சத்தத்தில், வாய்ஸ் ஓவருக்காக ஜெனரேட்டர் வைக்காத அத்தானின் கொள்கையே அடிபட்டுப்போனது. ஒரு மத்தியானம் ரெண்டர் திடீரென்று தவழ ஆரம்பித்தது. பிராசசரின் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட்டைத் திறந்து பார்த்தேன். பெருக்கி 20-இல் இருக்க வேண்டும். 200 பெருக்கல் 20, நாலாயிரம் மெகாஹெர்ட்ஸ். அது ஏழுக்கு இறங்கியிருந்தது. 1400. சில நொடியில் 20-க்கு ஏறும், மறுபடி ஏழு. பிராசசரின் ஹீட் சிங்கைத் தொட்டால் பெரிய சூடில்லை. சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மின்வழங்கு சில்லுகளின் மேல் விரலை வைத்தவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். பிராசசருக்குச் செலவழித்த பணத்தை போர்டில் மிச்சம் பிடித்திருந்தோம். அந்த மலிவு போர்டில் அந்தச் சில்லுகளுக்கு ஹீட் சிங்கே கிடையாது. 125 வாட்டைத் தள்ளித் தள்ளி அவை கொதித்து, போர்டு தன்னைக் காத்துக்கொள்ள பிராசசரின் கழுத்தைப் பிடித்திருந்தது. ஹீலியத்தில் 8.4 போன குடும்பத்துப் பிள்ளை, திண்டுக்கல்லில் 1.4.

கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி ஓரமாகச் சாத்திவிட்டு, டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்தோம். தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் கணினிகள் அந்தக் கோலத்தில் ஓடியிருக்கும்! ஐ5 பெட்டியின் மூடி எந்த வெயிலிலும் கழற்றப்படவே இல்லை.

2013 ஆகஸ்டில் ரூபாய் விழுந்தது. டாலர் 68-ஐத் தாண்டிய வாரத்தில், காலையில் வாங்கிய கொட்டேஷன் மத்தியானம் செல்லாது என்று கடைகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ‘எப்பவோ வாங்கிப்போட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு’ என்று அத்தான் இரண்டு பெட்டியையும் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார். எது நல்லது என்ற கேள்வி அந்த வாரம் மட்டும் எழவில்லை.

மின்வெட்டு மெல்ல மெல்லக் குறைந்தது. கூடங்குளம் முதல் அலகு 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. காற்றாலை, வெளியிலிருந்து வாங்கியது எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷத்தில் அட்டவணைக் காகிதம் மானிட்டரிலிருந்து கழன்றது. பேட்டரி கணக்கு தேவையற்றுப்போன பிறகு, தராசும் கொஞ்சம் மறுபக்கம் சாய்ந்தது. ரெண்டருக்கு எஃப்எக்ஸ் என்பது நிரந்தரமாயிற்று.

இன்னும் சாய்த்தவன் அக்கா மகன். பள்ளி விட்டு வந்தால் ஸ்டுடியோவில்தான் கிடப்பான். 2013 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் ஏஎம்டியின் எட்டு கோர் பிராசசர்தான். வேறு வகை, சின்ன கோர்கள், ஆனால் எட்டு. அதனால் கேம் எழுதுகிறவர்கள் வேலையை எட்டாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். பையன் பேட்டில்ஃபீல்ட் 1 ஆடிய காலத்தில், அறுபத்துநாலு பேர் மோதும் களத்தில் நாலு கோர் ஐ5-கள் மூச்சுத் திணறின; சராசரி வேகம் நன்றாக இருக்கும், நடுநடுவே படம் தடுக்கும். கிராபிக்ஸ் கார்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, “மாமா, இந்தப் பழைய எஃப்எக்ஸ்லதான் தடுக்காம போகுது” என்று அவன் சொன்னபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். எல்லா கேமிலும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒற்றைக் கோரை நம்பிய கேம்களில் எஃப்எக்ஸ் கடைசிவரை ஐ5-க்குப் பின்னாலேயே ஓடியது.

புல்டோசர் குடும்பத்துக்காகப் பரிந்து பேசும் சிலர், ‘காலத்தை முந்திப் பிறந்தது’ என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல கோர்கள் வரும் என்று கணித்தது சரி. அந்தக் கோர்களை வலுவில்லாமல் செய்தது சரியில்லை. ஏஎம்டியே அதை அறிந்திருந்தது. 8350 கடைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, 2012 ஆகஸ்டில், முன்பு தங்களிடம் இருந்த சிப் வடிவமைப்பாளர் ஜிம் கெல்லரைத் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். அடுத்த வடிவத்துக்கான வேலை தொடங்கிவிட்டது. அது ரைசனாக 2017 மார்ச்சில் வந்தபோது, ஒவ்வொரு கோருக்கும் தனி அடுப்படி கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

இன்டெல் பக்கத்துக் குற்றம் வேறு மாதிரி. 2011-இன் ஐ5-2500-லிருந்து 2017 தொடக்கத்தில் வந்த ஐ5-7600 வரைக்கும் மேசைக் கணினி ஐ5 என்றால் அநேகமாக நாலு கோர், நாலு திரெட். ஆறு வருஷம்! 3470-ஐ விட்டு மேலே போகலாம் என்று நான் ஒவ்வொரு தலைமுறையாகப் பார்ப்பேன். புது சாக்கெட், புது போர்டு, வேகத்தில் கையளவு கூடுதல், அதே நாலு. போட்டியாளன் படுத்துவிட்டால் ஓடுகிறவன் நடக்க ஆரம்பித்துவிடுவான் என்பதற்கு அந்த ஆறு வருஷமே சாட்சி. ரைசன் வந்த அதே வருஷம் அக்டோபரில் ஐ5-க்கு ஆறு கோர் எங்கிருந்தோ முளைத்தது. 3470-இன் நற்பெயர் பதின்மூன்று வருஷம் நீடித்ததில் அதன் தரத்துக்கு ஒரு பங்கு என்றால், இன்டெல்லின் இந்தத் தூக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற ஓட்டை வெளிப்பட்டது. இன்டெல் பிராசசர்கள் அனுமதியைச் சரிபார்ப்பதற்கு முன்பே ரகசிய நினைவகத்தை எட்டிப் பார்க்கும் வழக்கம். அடைப்பதற்கு வந்த திருத்தத்தில் பழைய ஐ5-களின் வேகம் கொஞ்சம் குறைந்தது. ஏஎம்டிக்கு அந்த ஓட்டை இல்லை. ஸ்பெக்டர் என்ற இன்னொன்று இரண்டையும் பொதுவாகப் பிடித்தது. அத்தானின் கேள்வி: “கல்யாண கேசட்ல என்ன ரகசியம் இருக்கு?” அவர் கடைசிவரை டிவிடியையும் பென் டிரைவையும் கேசட் என்றேதான் சொன்னார்.

எஃப்எக்ஸ் பெட்டியில் முதலில் போனது அந்த மலிவு போர்டு. ரிச்சி தெருவில் விசாரித்தால், 8350 பிராசசர் மட்டும் இரண்டாம் கையில் கிடைக்கிறது, மாட்ட ஏஎம்3+ போர்டு கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பிராசசரைவிட விலை அதிகம். 3470-க்கு ஆப்டிபிளெக்ஸ் போர்டுகள் மலையாகக் கிடக்கின்றன. ஸ்டுடியோவின் 3470 முன்னறையில் பில் போடும் மிஷினாக ஓய்வு பெற்றது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் இருவரும் இல்லை. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பைக் கேட்கிற புது சாஃப்ட்வேர்களும் இருவரையும் ஒரே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகின்றன. அந்த விஷயத்தில் கடைசியாக ஒரு சமத்துவம்.

எஃப்எக்ஸ் இடத்துக்கு ரைசன் 5 5600 வாங்கினோம். ஆறு கோர், 65 வாட். ஐ5-3470-ஐவிட 12 வாட் குறைவு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அத்தான் காதில் விழவில்லை. கடைக்காரர் போட்டுக் காட்டிய டாஸ்க் மேனேஜரை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கோரே இரண்டு திரெட்டாகக் கணக்குக் காட்டுவதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“ஆறுன்னு சொன்னீங்க, பன்னெண்டு கட்டம் இருக்கே?”

“ஆமாண்ணே, கோர் ஆறு, திரெட் பன்னெண்டு.”

அத்தான் என் பக்கம் திரும்பினார். “மாப்ள, போன தடவை எட்டுன்னு சொல்லி நாலா இருந்துச்சு. இந்தத் தடவை ஆறுன்னு சொல்றான். இதுல எதை நம்பி பில்லு போடச் சொல்ற?”